கடலூர்ப் பிள்ளைகளைக் காஞ்சனபுரிக்கு அழைத்துப் போவது

வணக்கம் டீச்சர். கடலூரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வரலாறு எடுக்கிறீர்கள். பிளஸ் ஒன் பிள்ளைகள் 28 பேரை அரையாண்டு விடுமுறையில் வெளிநாட்டுக்கு, போர் நடந்த இடங்களைப் பார்க்க அழைத்துப் போகலாம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. கையில் ஏழு நாள். பிரான்ஸா, போலந்தா, ஹிரோஷிமாவா, சிங்கப்பூரா, எங்கே போவது, எப்படித் திட்டம் போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: "சுற்றுலா மாதிரியும் ஆகிவிடக் கூடாது, பிள்ளைகள் பயந்துபோயும் வந்துவிடக் கூடாது." எனக்கென்னவோ உங்கள் கேள்வியே அந்த வரிதான் என்று படுகிறது. மற்றதை எல்லாம் ஒரு நல்ல டிராவல் ஏஜென்ட்டே சொல்லிவிடுவார். அப்படி நம்பி நான் கெட்ட கதையைப் பின்னால் சொல்கிறேன்.

நான் புதுச்சேரியில் 31 வருடம் வரலாறு எடுத்து ஓய்வு பெற்றவன். பிள்ளைகளோடு நான்கு முறை கடல் தாண்டியிருக்கிறேன். சிங்கப்பூருக்கு இரண்டு தடவை, தாய்லாந்துக்கு இரண்டு தடவை. பிரான்ஸை மகள் வீட்டுக்குப் போனபோது தனியாகப் பார்த்ததோடு சரி. போலந்தும் ஜப்பானும் நான் மிதிக்காத மண். அதனால் அவற்றைப் பற்றி நான் சொல்வதைப் படித்தவன் பேச்சாக எடுத்துக்கொள்ளுங்கள். தென்கிழக்கு ஆசியாவைப் பற்றிச் சொல்வது பட்டவன் பேச்சு.

போலந்தில் இருக்கும் ஆஷ்விட்ஸ் முகாமை நடத்துகிற நினைவகமே 14 வயதுக்குக் கீழே உள்ளவர்களைக் கூட்டிவர வேண்டாம் என்கிறது. உங்கள் பிள்ளைகள் அந்த வயதைத் தாண்டியவர்கள்தான். ஆனால் டிசம்பர் கடைசியில் அங்கே அடிக்கிற குளிர் கடலூர்ப் பிள்ளைக்கு ஆகாது. குளிரில் நடுங்குகிறவன் காதில் எந்த வரலாறும் ஏறாது. ஹிரோஷிமா உயர்ந்த இடம். ஜப்பானியப் பள்ளிகள் வருடா வருடம் பிள்ளைகளை அங்கே அழைத்து வருகின்றன, காகிதக் கொக்குகளைக் கட்டிக் கட்டியாகக் கொண்டுவந்து தொங்கவிடுகிறார்கள். பணம் இருந்தால் போகலாம். பிரான்ஸில் நெவ் ஷப்பேல் என்ற ஊரில் முதல் உலகப் போரில் மாண்ட இந்திய வீரர்களுக்கான நினைவிடம் இருக்கிறது. 1927-ல் திறந்தது. கல்லறை இன்னதென்று தெரியாத 4,700-க்கும் மேற்பட்டவர்களின் பெயர் அதில் உண்டு. நானும் ஆசையாக நம் ஊர்ப் பெயரைத் தேடினேன். சிங்குகளும் கான்களும் தாப்பாக்களுமாகவே வந்தன. 1915-ல் அந்த ஊரில் சண்டை போட்டவை லாகூர், மீரட் டிவிஷன்கள். சென்னை மாகாணத்துப் படைகளில் பலவும் மெசபடோமியா, அதாவது இன்றைய ஈராக் பக்கம் போயின. பாஸ்ராவுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போக யார் கையெழுத்துப் போடுவார்கள்?

இந்த நான்கில் எது சிறந்தது என்று ஆராய்வதை விட்டுவிட்டு நான் வேறொரு கேள்வி கேட்பேன். நம் தாலுக்காவிலிருந்து போனவன் எங்கே செத்தான்? அங்கே போங்கள். மற்ற இடங்களைப் பிள்ளைகள் வளர்ந்து, சம்பாதித்து, தாங்களே பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக் கேட்டால் தென்னாற்காட்டுக்காரனுக்கு விடை சிங்கப்பூரிலும் தாய்லாந்திலும்தான் இருக்கிறது. நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பல் ஏறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன குடும்பங்கள் உங்கள் மாவட்டத்தில் நிறைய. கங்காணி ஆள் சேர்த்துக்கொண்டு போவார், ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவுகிற வேலை. 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்தது. அதே வருடம் பர்மாவுக்குத் தரை வழியாகப் படையும் தளவாடமும் அனுப்ப ஜப்பான் ராணுவம் ரயில் பாதை போடத் தொடங்கியது. கடல் வழியில் நேச நாட்டு நீர்மூழ்கிகளின் தொல்லை. தாய்லாந்தின் பான் போங் பக்கத்திலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். நடுவில் மலை, காடு, மழை. 1943 அக்டோபர் 17-ல் இரண்டு முனையும் சந்தித்துவிட்டன. அவ்வளவு சீக்கிரம் முடிந்ததற்குக் காரணம் ஆட்களைச் சாகச் சாகப் போட்டதுதான். மலேயாத் தமிழர்கள் இன்றைக்கும் அதைச் சயாம் மரண ரயில் என்றுதான் சொல்கிறார்கள்.

இதில் எது உறுதி, எது மதிப்பீடு என்பதைப் பிள்ளைகளுக்குப் பிரித்துச் சொல்லிக்கொடுங்கள். என்னைக் கேட்டால் முழுப் பயணத்திலும் முக்கியமான பாடம் இதுதான். பாதையில் வேலை செய்த போர்க் கைதிகள் 60,000-க்கு மேல். பிரிட்டிஷார், ஆஸ்திரேலியர், டச்சுக்காரர், கொஞ்சம் அமெரிக்கர். இறந்தவர்கள் ஏறத்தாழ 12,500. இது எண்ணிப் பார்த்த கணக்கு. ஒவ்வொருவனுக்கும் பெயர், படை எண், இறந்த தேதி உண்டு, ஏனென்றால் கைதிகளுக்குள்ளேயே அதிகாரிகள் இருந்தார்கள், டாக்டர்கள் இருந்தார்கள், ஜப்பானியர் கண்ணில் படாமல் குறிப்பு எழுதி வைத்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் விஷயம் வேறு. தமிழர், மலாய்க்காரர், பர்மியர், ஜாவானியர், சீனர். ஜப்பானியர் வைத்த பெயர் ரோமுஷா. மொத்தம் 1,80,000 என்பார்கள், 2,50,000 என்பார்கள், அதற்கும் மேல் என்பவர்களும் உண்டு. செத்தவர்கள் 90,000 என்பது அடிக்கடி சொல்லப்படுகிற எண், ஆனால் அது ஊகக் கணக்கு. மூன்று மாத வேலை, நல்ல கூலி என்று தோட்டத்தில் ஆள் பிடித்தார்கள். பெண்டாட்டி பிள்ளையோடு போனவர்களும் உண்டு. 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது முகாம் முகாமாகச் செத்துப்போனார்கள். எழுதி வைக்க ஆள் இல்லை. எண்ணிக்கையை யாராவது உங்களிடம் கடைசி ஆள் வரை துல்லியமாகச் சொன்னால் அவர் சரக்கு விற்கிறார் என்று அர்த்தம்.

அந்த ரயில் பாதை ஓடிய தாய்லாந்து ஊரான காஞ்சனபுரியில் நீங்கள் பார்க்கப்போவது இந்த வித்தியாசத்தைத்தான். ஊர் நடுவில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே போர் வீரர் கல்லறைத் தோட்டம். ஏறத்தாழ 7,000 பேர் அங்கே கிடக்கிறார்கள், அதில் 1,896 பேர் டச்சுக்காரர்கள். கல் ஒவ்வொன்றும் முழங்காலுக்குக் கீழேதான், மேலே சாய்வாக ஒரு வெண்கலத் தகடு. பெயர், வயது, வீட்டார் எழுதச் சொன்ன இரண்டு வரி. இரண்டு கல்லுக்கு நடுவில் பூச்செடி. புல்லை விரிப்பு விரித்தது போல வெட்டி வைத்திருப்பார்கள். வாசல் கட்டடத்தில் இருக்கும் பலகையைப் பிள்ளைகள் கவனிக்காமல் போய்விடுவார்கள், நீங்கள் நிறுத்திக் காட்டுங்கள். தாய்லாந்தில் முஸ்லிம் கல்லறைகளில் புதைக்கப்பட்டு, பிறகு பராமரிக்க முடியாமல் போன இந்திய ராணுவத்தார் 11 பேரின் பெயர் அதில் இருக்கிறது. அந்தப் 11 பேரும் சிப்பாய்கள், அதனால் பெயர் உண்டு. தோட்டத்துத் தமிழன் எந்தப் பட்டியலிலும் இல்லை.

அங்கிருந்து நடக்கும் தூரத்தில் வாட் தாவோர்ன் வராராம் என்ற வியட்நாமிய மரபுப் புத்த கோயில். ஆசியத் தொழிலாளர்களின் எச்சங்களை மொத்தமாக வைத்திருக்கும் நினைவிடம் அந்த வளாகத்தில்தான். சில வருடத்துக்கு முன்பு தமிழர் அமைப்புகள் ஒரு நடுகல்லும் நட்டிருக்கிறார்கள். 1990-ல் ஊரை ஒட்டிய நிலமொன்றைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கானவர்களின் எலும்புகள் கிடைத்தன. யார் யார் என்று பிரிக்கவே முடியவில்லை.

பெயர் தெரியாமல் மொத்தமாகப் புதைப்பது என்றால் என்ன என்று கடலூருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு பக்கத்துப் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருந்தால் அவர்கள் வீட்டுச் சுவரில் 2004 சுனாமியில் போனவர்களின் படம் மாட்டியிருக்கும். அந்தப் பிள்ளைகள் அப்போது பிறக்கவில்லைதான், ஆனால் டிசம்பர் 26 அன்றைக்கு அம்மாவோடு கடற்கரைக்குப் போய்ப் பால் ஊற்றுகிறவர்கள். அரையாண்டு விடுமுறை என்கிறீர்கள். முதலில் காலண்டரைப் பாருங்கள். 26-க்கு முன்னால் கிளம்பாதீர்கள். என் முதல் பயணத்தில் இதை யோசிக்காமல் 24-ம் தேதி டிக்கெட் போட்டேன், ஒரு பெண் பிள்ளை கடைசி வாரத்தில் பெயரை எடுத்துக்கொண்டாள். காரணம் கேட்டபோது என் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் தோழி வந்து சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது.

பருவத்தைப் பொறுத்தவரை டிசம்பர், ஜனவரி சரியான தேர்வு. ஏப்ரல் வேண்டாம், வெயில் நம் ஊரைத் தோற்கடிக்கும். போதாததற்கு நம் சித்திரைப் பிறப்பு சமயத்தில் அவர்களுக்கும் சொங்க்ரான் புத்தாண்டு, பஸ் ரயில் எதிலும் இடம் இருக்காது. நவம்பர் கடைசி, டிசம்பர் வாக்கில் காஞ்சனபுரியின் ரயில் பாலத்தடியில் ஒளியும் ஒலியுமாக ஒரு திருவிழா நடத்துகிறார்கள், வாணவேடிக்கையோடு குண்டு வீச்சை நடித்துக் காட்டுவார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். நான் தவிர்த்துவிடுவேன்.

சென்னையிலிருந்து பாங்காக்குக்கு நேர் விமானம், மூன்று மூன்றரை மணி நேரம். பாங்காக்கில் தங்க வேண்டாம், இறங்கியதும் பஸ் பிடித்து 130 கிலோமீட்டர் காஞ்சனபுரிக்குப் போய்விடுங்கள். அன்று ஒன்றும் பார்க்க வேண்டாம். இரவு விமானத்தில் கண்விழித்த பிள்ளை மியூசியத்தில் நின்றுகொண்டே தூங்கும். மறுநாள் வெயில் ஏறும் முன்பு கல்லறைத் தோட்டம், எதுவும் விளக்காமல் அரை மணி நேரம் தாங்களாகவே நடக்கட்டும். பிறகு பக்கத்திலேயே இருக்கும் தாய்லாந்து பர்மா ரயில்வே மையம் என்ற மியூசியம். அந்த ஊரில் மியூசியம் என்று பெயர் வைத்த இடங்கள் நான்கைந்து உண்டு, ஒன்றே ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் இதைத்தான் சொல்வேன். ஆராய்ச்சியும் நேர்மையும் உள்ள இடம், ஆசியத் தொழிலாளர்களை ஓரத்தில் தள்ளிவிடவில்லை. மியூசியம் பார்த்துவிட்டு மறுபடி ஒரு முறை கல்லறைத் தோட்டத்துக்குள் விடுங்கள். காலையில் "எவ்வளவு அழகா வச்சிருக்காங்க சார்" என்றவர்கள் இப்போது தேதிகளைப் பார்ப்பார்கள். 1943 ஜூன், ஜூலை, ஆகஸ்ட். ஒரு பையன் நோட்டில் வயதை மட்டும் வரிசையாக எழுதிக்கொண்டே போனான். 22, 24, 21, 23, 22. பக்கம் நிறைந்ததும் மூடி வைத்துவிட்டான். என்னப்பா என்றேன். "எங்க அண்ணன் வயசு சார் எல்லாம்" என்றான், அவ்வளவுதான்.

மூன்றாவது நாள் ஹெல்ஃபயர் பாஸ். காஞ்சனபுரியிலிருந்து வடக்கே 80 கிலோமீட்டர் அளவில். மலையை உளியாலும் சுத்தியலாலும் பிளந்து பாதை போட்ட இடம், ராத்திரியில் தீப்பந்த வெளிச்சத்தில் எலும்பும் தோலுமாக ஆட்கள் வேலை செய்த காட்சி நரகம் போல இருந்ததால் கைதிகள் வைத்த பெயர். ஆஸ்திரேலிய அரசு நடத்துகிற நினைவகம், கட்டணம் இல்லை. காதில் மாட்டிக் கேட்கிற ஒலிக்கருவி தருவார்கள். பாறையில் துளை போட்ட தடம் இன்னும் இருக்கிறது, பிள்ளைகளின் விரலை அதில் வைக்கச் சொல்லுங்கள். திரும்பும்போது 'நாம் டோக்' என்ற நிலையத்திலிருந்து ரயிலில் வாருங்கள், அந்தப் பழைய பாதையில் மிச்சம் ஓடுகிற ரயில் இதுதான். ஏ.சி. கிடையாது, ஜன்னல் திறந்த மூன்றாம் வகுப்பு, வெளிநாட்டாருக்கு 100 பாட் என்று வாங்குகிறார்கள். தாம் கிராசே பக்கம் மலை விளிம்பை ஒட்டிய மரப் பாலத்தில் ரயில் ஊர்ந்து போகும். பிள்ளைகள் எல்லாரும் ஒரே பக்கம் ஓடி ஜன்னலில் தலையை நீட்டுவார்கள், அப்போது உங்களுக்கு வரலாறு மறந்து முருகன் ஞாபகம் வரும். ஒரு பெட்டிக்கு இரண்டு ஆசிரியர் என்று பிரித்து உட்காருங்கள்.

எல்லோரும் படம் எடுக்கும் அந்தப் பெரிய பாலத்துக்கு நான் ஒரு மணி நேரத்துக்கு மேல் தரமாட்டேன். வளைந்த இரும்புக் கூடுகள் பழையவை, ஜாவாவிலிருந்து கழற்றிக் கொண்டுவந்தவை. நடுவில் நேர்க்கோட்டில் இருக்கும் இரண்டு, குண்டு விழுந்து உடைந்ததற்குப் பதிலாகப் போருக்குப் பின் ஜப்பான் இழப்பீடாகப் போட்டுக்கொடுத்தவை. அந்த ஆற்றின் பெயரே மே குளோங். ஓர் ஆங்கிலப் படத்தால் உலகம் முழுக்க 'குவாய் நதிப் பாலம்' என்று தேடி வந்ததால் 1960-ல் ஆற்றின் பெயரையே மாற்றிவிட்டார்கள். அந்தப் படத்தையும் இங்கே எடுக்கவில்லை, இலங்கையில் எடுத்தது. வரலாறு எப்படித் திரும்பி எழுதப்படுகிறது என்பதற்குப் பாலத்தின் மேல் நின்றுகொண்டே பாடம் நடத்தலாம். கடைசி நாள் பாங்காக்கில் படகு, கடைத்தெரு என்று அவர்கள் இஷ்டத்துக்கு விடுங்கள். அதில் குற்ற உணர்ச்சி எதற்கு? பதினாறு வயது.

சிங்கப்பூர்தான் வேண்டும் என்று நிர்வாகம் அடம்பிடித்தால் அதுவும் தப்பில்லை, ஏற்பாடு இன்னும் சுலபம், திருச்சியிலிருந்தே விமானம் உண்டு. கிராஞ்சி கல்லறைத் தோட்டம், அங்கே கல்லறை இல்லாத 24,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர் பொறித்த தூண்கள். அதன் பின்னால் இந்து, சீக்கிய முறைப்படி எரிக்கப்பட்ட இந்திய வீரர்களுக்குத் தனி நினைவுச் சின்னம். பிரிட்டிஷார் சரணடைந்த ஃபோர்டு தொழிற்சாலை இப்போது மியூசியம். அப்புறம் ஃபாரர் பார்க். 1942 பிப்ரவரி 17 அன்று பல்லாயிரம் இந்தியச் சிப்பாய்களை அங்கே நிறுத்தி ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். இந்திய தேசிய ராணுவத்தின் கதை அங்கேதான் தொடங்குகிறது. எஸ்பிளனேடு பூங்காவில் நேதாஜி 1945 ஜூலையில் அடிக்கல் நாட்டிய நினைவுச் சின்னத்தைத் திரும்பி வந்த பிரிட்டிஷார் செப்டம்பரிலேயே வெடி வைத்துத் தகர்த்தார்கள். இப்போது அங்கே 1995-ல் வைத்த அடையாளப் பலகை மட்டும் உண்டு. ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த பெண்களில் பெரும்பாலோர் மலேயாத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள், தலைவி சென்னையில் பிறந்த டாக்டர் லட்சுமி. உங்கள் மாணவிகளுக்கு இது பிடிக்கும். ஒரே குறை, அந்த ஊரில் எல்லாம் பளபளவென்று இருக்கும், மாலுக்குப் போகலாமா சார் என்ற குரல் காலையிலேயே கேட்கத் தொடங்கிவிடும். தாய்லாந்தையும் சிங்கப்பூரையும் ஏழு நாளில் சேர்த்துப் போடலாமா என்று யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டாம்.

இலங்கை பக்கத்தில்தானே இருக்கிறது என்றும் கேட்பார்கள். முள்ளிவாய்க்காலைப் பழைய போர்க்களம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காலாப்பட்டு தாண்டினால் கீழ்ப்புத்துப்பட்டு இலங்கை அகதிகள் முகாம், உங்கள் மாவட்டத்திலும் முகாம்கள் உண்டு. அங்கிருந்து வருகிற பிள்ளை உங்கள் வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கலாம். அவளுக்கு அது பாடம் இல்லை, வீட்டு விஷயம்.

இனி, ஊரை விட்டுக் கிளம்பும் முன்னால் செய்ய வேண்டியது. இதற்குத்தான் நிறைய நாள் ஒதுக்க வேண்டும், ஆறு மாதம் என்றால் நல்லது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இறந்த வீரர்களின் பெயர்ப் பட்டியல் இலவசமாகக் கிடைக்கிறது. இரண்டாம் உலகப் போரில் இறந்த இந்தியர்களில் பலருக்குத் தகப்பன் பெயர், ஊர், மாவட்டம் வரை பதிந்திருக்கிறார்கள். பிள்ளைகளைத் தேட விடுங்கள். சவுத் ஆற்காடு என்று மாவட்டப் பெயரை ஆங்கிலத்தில் போட்டால் வரும். ஊர்ப் பெயரை வெள்ளைக்காரக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பான், ஆறுமுகத்துக்கு மட்டும் ஐந்தாறு எழுத்துக்கூட்டல் பார்த்தோம். அதைக் கண்டுபிடிப்பதே ஒரு விளையாட்டு. பண்ருட்டிப் பக்கத்தான் ஒருவன் பெயர் அகப்பட்ட அன்று என் வகுப்பில் எழுந்த சத்தத்துக்குத் தலைமையாசிரியர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஒத்திகைக்கு இரண்டு இடம் சொல்கிறேன். முதலாவது சென்னை நந்தம்பாக்கத்தில், பரங்கிமலை பூந்தமல்லி சாலையில் இருக்கும் போர்க் கல்லறைத் தோட்டம். 850-க்கும் மேற்பட்ட கல்லறைகள், முதல் உலகப் போருக்கான பெயர்ச் சுவரும் உண்டு. கல்லறைத் தோட்டத்தில் எப்படி நடப்பது, எங்கே நிற்பது, எதைத் தொடக் கூடாது என்பதை எல்லாம் அங்கேயே பழக்கிவிடலாம். இரண்டாவது உங்கள் காலடியில். தேவனாம்பட்டினத்தில் புனித டேவிட் கோட்டை இருந்த இடம். 1690-ல் கும்பெனிக்காரன் அதைச் செஞ்சியில் இருந்த மராட்டியர்களிடம் வாங்கியபோது பீரங்கியைச் சுட்டு, குண்டு விழுகிற தூரம் வரை உள்ள கிராமம் எல்லாம் எனக்கு என்று ஒப்பந்தம். குண்டு உப்பலவாடி என்று பஸ்ஸில் போர்டு போட்டுக்கொண்டு போகிறதே, அந்தக் 'குண்டு' அதுதான். 1783 ஜூன் 13-ல் கடலூரில் பிரிட்டிஷாரும் பிரெஞ்சுக்காரரும் மோதி இரு தரப்பிலும் சேர்த்து ஆயிரத்துக்கு மேல் செத்தும் காயப்பட்டும் விழுந்தார்கள். ஐரோப்பாவில் ஜனவரியிலேயே சமாதானம் பேசி முடித்தாகிவிட்டது, செய்தி கப்பலில் வந்துகொண்டிருந்தது. போர் என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல முதல் பாடம் எனக்குத் தெரியவில்லை. நேரம் இருந்தால் ஒரு சாயங்காலம் புதுச்சேரி பீச் ரோட்டுக்கு வாருங்கள். காந்தி சிலைக்குப் பக்கத்தில் 1938-ல் திறந்த பிரெஞ்சுப் போர் நினைவிடத்தைக் காட்டிவிட்டு, ஜூலை 14-க்கு மெடல் குத்திக்கொண்டு வரும் 'சொல்தா' தாத்தாக்களை, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்த நம் ஊர்க்காரர்களைப் பற்றிச் சொல்லுங்கள். கடலூர்ப் பிள்ளைகளுக்கு அந்த வார்த்தையே புதிதாக இருக்கும்.

காகித வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதன்மைக் கல்வி அலுவலரிடம் எழுத்தில் அனுமதி கிடைக்கும் வரை யாருக்கும் முன்பணம் கட்டாதீர்கள். பாஸ்போர்ட்டுக்குப் பதினெட்டு வயது ஆகாதவர்களுக்குத் தாய் தகப்பன் இருவரும் கையெழுத்திட்ட உறுதிமொழி வேண்டும், ஒருவர் துபாயில் இருந்தால் அதற்கே ஒரு மாதம் ஓடும். நம் ஆட்களுக்கு இனிஷியல்தான் பெரிய தலைவலி. பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து அப்பா பெயர் இருக்கும், டிக்கெட்டில் வெறும் எழுத்து இருக்கும், கவுன்டரில் நிறுத்துவார்கள். டிக்கெட் போடும்போது பள்ளிப் பதிவேட்டைப் பார்க்காமல் பாஸ்போர்ட்டை மட்டும் பாருங்கள். பயணத் தேதிக்குப் பிறகும் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். தாய்லாந்து விசா விதி சில வருடங்களாக மாறி மாறி வருகிறது, அதனால் என் பேச்சை நம்பாமல் டிக்கெட் போடுகிற வாரத்தில் தூதரக இணையதளத்தைப் பாருங்கள். விசா இல்லை என்றாலும் இணையத்தில் நிரப்ப வேண்டிய வருகை அட்டை 2025 மே முதல் உண்டு. சிங்கப்பூருக்கு விசா கட்டாயம், அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் மூலமாக எடுப்பதுதான் வழக்கம். வெளிநாட்டுப் பயணத் தொகுப்புக்குப் பணம் கட்டும்போதே டி.சி.எஸ். என்று ஒரு வரி பிடிப்பார்கள். ரசீது பெற்றோரின் பேன் எண்ணில் இருந்தால் வருமான வரிக் கணக்கில் திரும்பக் கேட்கலாம், பள்ளி பெயரில் மொத்தமாகப் போட்டால் பெற்றோர் கேட்க முடியாது. எங்களுக்கு 2023 டிசம்பரில் ஆறு நாளுக்குத் தலைக்கு 68,000 ரூபாய் ஆனது. இப்போது நிச்சயம் கூடியிருக்கும்.

சொல்கிறேன் என்ற கதை இதுதான். முதல் தாய்லாந்துப் பயணத்தை ஓர் ஏஜென்ட்டிடம் முழுதாக ஒப்படைத்தேன். 'வரலாற்றுச் சுற்றுலா' என்று அழகாக அச்சடித்துக் கொடுத்தார். போன பிறகு பார்த்தால் மிதக்கும் சந்தை, யானை சவாரி, ரத்தினக்கல் கடை. ரத்தினக்கல் கடையில் மட்டும் ஒன்றரை மணி நேரம். காஞ்சனபுரி போய்ச் சேர்ந்தபோது மியூசியம் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் இருட்டுவதற்கு முன் இருபது நிமிடம். அவசரத்தில் நானே பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி குரூப் போட்டோ எடுத்தேன். அந்தப் போட்டோ இன்னும் என்னிடம் இருக்கிறது, யாருக்கும் காட்டுவதில்லை. ஒரு பையன் ஷூ லேஸ் கட்டக் காலைத் தூக்கி ஒரு கல்லின் மேல் வைத்தான். திமிர் இல்லை, உயரம் வசதியாக இருந்தது. பக்கத்து வரிசையில் களை பிடுங்கிக்கொண்டிருந்த தோட்டக்காரர் எழுந்து வந்து நின்றார். பேசவில்லை. அவன் காலை எடுத்ததும் இடுப்புத் துணியால் வெண்கலத் தகட்டைத் துடைத்துவிட்டுத் திரும்பிப் போனார். அதனால் சொல்கிறேன், நாள் வாரியாக, மணி வாரியாக நீங்களே எழுதி, அதை ஒப்பந்தத்தில் சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள். கடைகளுக்கு நிறுத்தக் கூடாது என்று தனி வரியே போடுங்கள்.

பயப்படுவார்களா என்றீர்கள். மியூசியத்தில் எலும்புக்கூடாக நிற்கும் கைதிகளின் படம் இருக்கிறது, புண் அழுகிய காலின் படம் இருக்கிறது. முதல் நாளே சொல்லிவிடுங்கள், பார்க்க வேண்டாம் என்பவர்கள் வெளியே உட்காரலாம், யாரும் கேலி செய்யக் கூடாது. என் அனுபவத்தில் பிள்ளைகளைப் படங்கள் உலுக்குவதில்லை, சின்ன விஷயம்தான் உலுக்கும். கோயில் நினைவிடத்துக்கு முன்னால் ஒரு மாணவி பையிலிருந்து சின்னப் பொட்டலம் எடுத்தாள். அம்மா கொடுத்தனுப்பிய திருநீறும் இரண்டு கட்டி சூடமும். "யாரோ நம்ம ஆளுங்கதானே, ஏத்திட்டு வா"ன்னு அம்மா சொன்னாங்க சார், ஏத்தலாமா என்றாள். புத்த கோயிலில் ஏற்றலாமா என்று எனக்கும் தெரியவில்லை. அங்கே இருந்த வயதான பிக்குவிடம் சைகையில் கேட்டேன். அவர் ஊதுபத்தி நட்டிருந்த மணல் தொட்டியைக் காட்டினார். மணலில் வைத்து ஏற்றினாள், காற்றில் இரண்டு தடவை அணைந்தது, மூன்றாவது தடவை மற்ற பிள்ளைகள் சுற்றி நின்று கையால் மறைத்துக்கொண்டார்கள். அன்று ராத்திரி சாப்பாட்டில் சத்தமே இல்லை. அழுதது இரண்டு மூன்று பேர். மறுநாள் காலையில் சரியாகிவிட்டார்கள். அந்த மாதிரி இரவில் ஒரு ஆசிரியை பெண் பிள்ளைகள் அறைப் பக்கம் விழித்திருப்பது நல்லது.

68,000 ரூபாய் என்றால் வகுப்பில் பாதிப் பேர் வர முடியாது. நாங்கள் செய்த ஏற்பாடு ஒன்றைச் சொல்கிறேன். பெயர் தேடும் வேலையில் வகுப்பு முழுக்கச் சேர்ந்தது. போகிற ஒவ்வொருவரும் போகாத ஒருவரின் கேள்வியை எழுதி வாங்கிக்கொண்டு போனார்கள், அந்தக் கேள்விக்கு அங்கே பதில் தேடி வந்து சொல்ல வேண்டும். "தண்ணி எங்கேருந்து எடுத்தாங்க?" "பொம்பளைங்க என்ன வேலை செஞ்சாங்க?" "சம்பளம் கடைசியில குடுத்தாங்களா?" போகாதவர்கள் கேட்டவைதான் நல்ல கேள்விகளாக இருந்தன. அதற்காகப் பணம் இல்லாதவர்களை இப்படியே சமாதானம் செய்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. பழைய மாணவர்களிடம் கேட்டு நான்கு பேருக்காவது முழுச் செலவை ஏற்கப் பாருங்கள்.

இன்னொன்று, ஹெல்ஃபயர் பாஸில் இறங்குகிற படிக்கட்டு நிறைய. இறங்கும்போது தெரியாது, ஏறும்போது தெரியும். எல்லோருக்கும் ஷூ கட்டாயம், ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். உங்களோடு வரும் ஆசிரியர்களில் மூட்டு வலிக்காரர் இருந்தால் மேலேயே பெஞ்சில் உட்காரவைத்துப் பைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். கடைசித் தடவை அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தது நான்தான்.